அட்டையில் நான்காவது பெயர்

ஜூன் 2, திங்கள்

இன்று காலை எட்டு மணிக்கு ஓர் உப்புமாவுக்கு, உலகச் சரித்திரத்திலேயே முதன்முறையாக, முழு நீதி வழங்கப்பட்டது. வழங்கியவன் அடியேன்.

எங்கள் தெரு நகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடும் முன்பு தலைமை ஆசிரியையும் பெற்றோரில் ஒருவரும் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யாழினி போன வருஷம் இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்தப் பட்டியலில் என் பெயரையும் எழுதினார்கள். அவள் அம்மா செண்பகவல்லிக்கு நான் தாய்மாமன். யாழினிக்கு நான் யானை, ஒட்டகம், சில மாலைகளில் ரயில்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த அவர்கள் வேலைக்காக ஓசூர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆனால் பட்டியலில் என் பெயரை யாரும் அடிக்கவில்லை. மற்ற பெற்றோர்கள் ஏழு மணிக்கே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். எஸ்தர் டீச்சர் பள்ளி வாசலில் நின்று யாராவது கிடைப்பார்களா என்று பார்த்தபோது நான் தற்செயலாக அங்கே இருந்தேன். ஏழு மணியிலிருந்தே தற்செயலாக இருந்தேன்.

ஒரு கரண்டி வைத்தார்கள். கடுகு ஒவ்வொன்றும் தன் கடமையை உணர்ந்து வெடித்திருந்தது. பதிவேட்டில் 'மன்னர்களுக்கு உகந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜூன் 4, புதன்

வெண்பொங்கல்.

சமையல் செய்யும் பேச்சித்தாய்க்கு என் அருமை தெரியவில்லை. மகளிர் குழுவிலிருந்து வந்து சமைக்கிறவள். கரண்டி அவள் கையில் செங்கோல் மாதிரி நிற்கும். ருசி என்பது மேல், நடு, அடி என மூன்று அடுக்காக இருக்கும் என்றும், அண்டாவின் மூன்று அடுக்கிலும் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றும் நான் விளக்கினேன்.

"அப்படியா அண்ணாச்சி" என்றாள். "சாம்பார்ல எத்தனை அடுக்கு இருக்கு?"

"சாம்பார் தண்ணி சம்பந்தப்பட்டது. ரெண்டு போதும்."

"ருசி பாக்கக் கரண்டி போதுமே. வீட்டுலயிருந்து தட்டைக் கழுவிக் கொண்டாந்திருக்கீகளே."

மூன்று அடுக்கையும் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள்.

ஜூன் 7, சனி

விடுமுறை. தண்ணீர் குடித்தேன். மேல், நடு, அடி மூன்றிலும் ஒரே ருசி.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் செண்பகம் போன் செய்வாள். அவள் கம்பெனிக்கு அன்றுதான் லீவு.

"சாப்பிட்டீகளா மாமா?"

"என்ன கேள்வி கேட்ட தாயி. ஷெட்டு மெஸ்ல இன்னைக்கு வெடக்கோழி. நாப்பது பேருக்கு வச்ச குழம்பை நான் ஒருத்தனே முடிச்சிட்டேன்னு சமையக்காரன் கரண்டியப் போட்டுட்டுக் காசிக்குப் போயிட்டான்."

அவள் சிரித்தாள். போனைப் பிடுங்கி யாழினியும் சிரித்தாள். அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "மாமா, காசிக்கு ரயில்ல போனாரா, உங்க மேல ஏறிப் போனாரா?" என்றாள்.

பின்னால் வருகிற சந்ததிகள் குழம்பக் கூடாது என்பதற்காகச் சில உண்மைகளைக் குறித்து வைக்கிறேன். நான் புக்கிங் கிளார்க்காக இருந்த லாரி ஷெட்டை ஏப்ரலில் பூட்டிவிட்டார்கள். என் திறமையின் பாரத்தை அந்தக் கூரை தாங்கவில்லை. மெஸ்ஸும் அதோடு போயிற்று. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முதியோர் பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிழடாக வேண்டும்.

ரேஷன் அட்டை ஓசூரில் இருக்கிறது. அதில் நான்கு பெயர். செண்பகவல்லி, குடும்பத் தலைவர். ஜெயக்கொடி, கணவர். யாழினி, மகள். நான்காவது பொன்னுத்துரை, அதாவது நான். உறவு என்ற கட்டத்தில் எனக்கு 'இதர உறவினர்' என்று போட்டிருக்கிறார்கள். தாய்மாமன் என்று எழுத அரசாங்கத்திடம் மை பற்றவில்லை. மாதம் பிறந்ததும் நாலு பேருக்கான அரிசியையும் ஓசூர்க் கடையில் ரேகை வைத்து வாங்கிவிடுவார்கள். என் பங்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை வளர்கிற வயசு என்று நான்தான் சொன்னேன். அப்போது எனக்கு மெஸ் இருந்தது.

ஷெட் பூட்டிய விஷயத்தைச் செண்பகத்திடம் இன்னும் சொல்லவில்லை. போன் போட்டுச் சொல்லும் அளவுக்கு அது பெரிய செய்தி இல்லை.

ஜூன் 11, புதன்

பதிவேட்டில் நான் எழுதிய குறிப்பு: 'இப்பொங்கலின் மிளகு, பகைவர் நெஞ்சில் பாய்ந்த வேல் போல ஆங்காங்கே தைத்து நிற்கிறது. நெய்யின் வாசனை மூன்று தெருவுக்கு அப்பால் வழக்கில் இருந்த இரண்டு பங்காளிகளைச் சமாதானப்படுத்தியது.'

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், 'நன்று'ன்னு போட்டாப் போதும். இத யாராவது ஆய்வுக்கு வந்து படிச்சா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"உண்மையை எழுதினேன் டீச்சர்."

"நெய் போடவே இல்லையே."

ஜூன் 14, சனி

விடுமுறை.

ஜூன் 15, ஞாயிறு

மெஸ்ஸில் இன்று மட்டன் பிரியாணி என்று செண்பகத்திடம் சொன்னேன். எலும்பை உறிஞ்சிய சத்தத்தில் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிட்டதாகச் சொன்னேன். நன்றாக வந்தது. போனை வைத்த பிறகு, கேட்க ஆளில்லாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்தேன். தனியாகச் சொல்லும்போது அந்தப் பிரியாணியில் உப்பு கம்மி.

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்கு டாக்டரம்மாவும் நர்சும் வந்து பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்த்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நானே எனக்கு அளித்துக்கொண்டேன். எடை மெஷினுக்குப் பயந்து ஒரு வாண்டு அழுதது. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட நான் ஏறி நின்றேன். நாற்பத்து நாலு.

"இந்த மெஷினுக்குப் பிள்ளைகளை மட்டும்தான் நிறுக்கத் தெரியும்" என்றேன். "என்னை நிறுக்க லாரி எடைமேடை வேணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

நான் விருந்து ஒன்றை விவரிக்க ஆரம்பித்தேன். பதினாறு வகைக் கூட்டில் ஒன்பதாவதற்கு வந்தபோது அவர் எஸ்தர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். பேச்சித்தாய் அண்டாவைக் கழுவிக்கொண்டே, "கேக்காதீக டாக்டரம்மா. அண்ணாச்சி இப்படியே சொல்லிக்கிட்டு இருந்தா நமக்குத்தான் பசிக்கும்" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

எஸ்தர் டீச்சர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நாற்காலி போட்டாலே நல்ல செய்தி இல்லை.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து ருசி பாக்கிற பட்டியல் புதுசு. இங்க படிக்கிற பிள்ளையோட பெத்தவங்க மட்டும்தான் இருக்கணும். யாழினி போன ஆகஸ்ட்லயே டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா. இதுவரைக்கும் நான் பாக்காத மாதிரி இருந்தேன்."

"தெரியும் டீச்சர். ராஜினாமா கடிதம் நாளைக்குத் தர்றேன்."

"அது வேண்டாம். உங்க பேருக்குத் தனி ரேஷன் அட்டை எழுதிப் போடுங்க. ஒரு ஆளா இருந்தாலும் குடுப்பாங்க, பன்னண்டு கிலோ அரிசி. ஆனா ஓசூர் அட்டையிலேர்ந்து உங்க பேரை நீக்கினாத்தான் அது நடக்கும்."

"என்ன டீச்சர், நீக்கிறதா?"

"ஒரு பேரு ரெண்டு அட்டையில இருக்க முடியாது சார்."

வாக்காளர் பட்டியலில் நான் தனி. வாடகை ரசீதில் தனி. இன்னாருக்கு இன்னார் என்று என்னைச் சொல்கிற காகிதம் இந்தப் பூமியில் அந்த ஓசூர் அட்டை ஒன்றுதான். 'இதர' என்றாலும் உறவினர் என்று போட்டிருக்கிறதே. இதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன், சக்கரவர்த்திகள் சொல்வதுபோல.

ஜூன் 30, திங்கள்

கடைசி உப்புமா. பேச்சித்தாய் நான்காவதாக ஓர் அடுக்கைக் கண்டுபிடித்து அதையும் வைத்தாள். பதிவேட்டில் 'நன்று' என்று மட்டும் எழுதினேன். டீச்சர் அதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் கால்கள் என்னைக் கேட்காமலே இ-சேவை மையத்துக்குப் போய்விட்டன. கம்ப்யூட்டரில் இருந்த பெண் அட்டை எண்ணைத் தட்டி, நாலு பெயரையும் வரவழைத்து, என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் ஒரு டிக் வைத்தாள். நீக்குவதற்கான அடையாளம் அது. சரியான விடைக்குப் போடுகிற அதே டிக்.

"குடும்பத் தலைவர் போனுக்கு ஓடிபி போயிருக்கு. கேட்டுச் சொல்லுங்க அங்கிள்."

நான் கேட்கும் முன்பே என் போன் அடித்தது.

"மாமா, எங்கன இருக்கீக? யாரோ ஒரு திருட்டுப்பய நம்ம கார்டுலயிருந்து உங்க பேரை வெட்டப் பாக்கான். இப்பத்தான் நம்பர் வந்துச்சு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீக. உங்க பேரை எவன் எடுக்கான்னு நானும் பாத்துருதேன்."

அவள் அப்படி மூச்சு வாங்கி நான் கேட்டதே இல்லை. கம்ப்யூட்டர் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தாயி" என்றேன். "சொல்லிராதே. காலம் கெட்டுக் கெடக்கு."

தெருவில் நடந்தபோது நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றிருந்தது. எனக்காக ஓசூரில் ஒருத்தி அரிவாளைத் தூக்கி நிற்கிறாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

ஜூலை 3, வியாழன்

இன்று பள்ளிக்கூடத்தில் கிச்சடி வாசனை. அவசியமில்லாமல் அந்தத் தெரு வழியாகப் போனதில் தெரிந்தது.

ஜூலை 7, திங்கள்

பேச்சித்தாய் சொல்லிவைத்து, கடலைமிட்டாய் கம்பெனியில் அட்டைப் பெட்டி மடிக்கும் உத்தியோகம். வாரத்துக்கு மூன்று நாள். சம்பளம் வாடகையோடு கைகுலுக்கிவிட்டு அப்படியே போய்விடும். பதினோரு மணிக்கு ஒரு டீ, ஒரு பன். அந்தப் பன்னை இருபத்திரண்டு கடியில் முடிக்கும் கலையை நான் நிறுவியிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

செண்பகத்திடம் பேச்சுவாக்கில் கேட்டேன், ரேஷன் அரிசியெல்லாம் எப்படி இருக்கிறது, பிள்ளை சாப்பிடுகிறதா என்று.

"அதை ஏன் கேக்கீக மாமா. இவுகளுக்கு அந்த அரிசி ஒத்துக்கிடல, வயிறு உப்பிருது. யாழினி தொடவே மாட்டேங்கா. சும்மா விட வேண்டாம்னு வாங்கி, கீழ் வீட்டுக்காரி கோழி வளக்கா, அவகிட்ட குடுத்துருதேன். முட்டை தருவா."

"முட்டை நல்லது" என்றேன். "பிள்ளைக்குக் குடு."

பிறகு மெஸ்ஸைப் பற்றி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சிரித்தாள், ஆகவே நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவள்மேல் தப்பில்லை. எனக்கு மூன்று வேளையும் விருந்து என்று வாராவாரம் சொன்னவன் நான். என் பங்கைத் தின்று ஓசூரில் கோழிகள் மயில் உயரத்துக்கு வளர்ந்திருக்கும்.

ஆகக்கூடி, யாழினிக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதற்கும் இனி வழி இல்லை. பெயர் ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 16, புதன்

பெட்டி மடிக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டிகளின் மேலேயே சாய்ந்ததால் அடி இல்லை. மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செண்பகம் கம்பெனியிலிருந்து வரும் நேரம் பார்த்து நானே போன் போட்டேன்.

"எனக்குப் பசிக்குது தாயி."

அவள் சிரித்தாள். "மெஸ்ல இருக்கிற அண்டாவெல்லாம் காலியாக்கும்? சமையக்காரன் இன்னும் காசியில இருந்து வரலியா?"

"வரல" என்றேன்.

பின்னால் யாழினி பென்சில் கேட்டு அழுகிற சத்தம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 17, வியாழன்

காலை ஆறரைக்குப் போன். அவள் ஷிப்டுக்குப் போகிற நேரம்.

"மாமா, நீங்க பொய் சொன்னா நீளமாச் சொல்லுவீக. நேத்து ஒரு வரிதான் சொன்னீக."

நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க. ஷெட்டு நம்பருக்கு அடிச்சேன். அப்படி ஒரு நம்பரே இல்லைங்கான். என்னைக்கு மூடினாக?"

"ஏப்ரல்."

பக்கத்தில் வேன் ஹாரன் அடித்தது, அவள் ஏறவில்லை. அப்புறம் திட்டினாள். அவள் என்னைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் அம்மா, என் அக்கா, உயிரோடு இருந்தபோது திட்டிய அதே தாளத்தில் திட்டினாள். ஓசூருக்கு வந்துவிடச் சொன்னாள். ஒரே அறை, ஜெயக்கொடியின் அம்மாவும் அங்கேதான், நான் எங்கே படுப்பேன் என்று கேட்டேன். மணியார்டர் அனுப்புகிறேன் என்றாள். அனுப்பு என்றேன். மறுக்கவில்லை.

"கார்டு விஷயம் ஒண்ணு இருக்கு தாயி. அன்னைக்கு வந்த அந்த நம்பர்... திருட்டுப்பய நான்தான்."

இ-சேவை மையம் திறக்கும்வரை அவள் வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள். ஒன்பதரைக்கு அந்தப் பெண் மறுபடி டிக் வைத்தாள். நான் போனைக் காதில் வைத்து எண்களைத் திருப்பிச் சொன்னேன். செண்பகம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்து எண் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு அங்கிள்" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

"மாமா" என்றாள் செண்பகம், "கார்டுலதான?"

"கார்டுல மட்டும்தான் தாயி."

ஆறாவது எண் ஏழு.

ஜூலை 23, புதன்

தனி அட்டை கொடுப்பதற்கு முன், மனுதாரர் உண்மையிலேயே தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாரா என்று வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். தனிமைக்கும் அரசு சான்றிதழ் உண்டு என்பது இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

செண்பகம் அனுப்பிய மணியார்டர் ஓசூரிலிருந்து கால்நடையாக வந்துகொண்டிருக்கிறது. இன்று ஆய்வாளர் வருவதாகப் போன். வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை. செண்பகம் குடும்பம் போன பிறகு நான் இங்கே அடுப்பே மூட்டியதில்லை, ஏப்ரல்வரை மூன்று வேளையும் மெஸ்தானே. சிலிண்டர் மட்டும் அவர்கள் விட்டுப்போனது, பாதி இருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, அடுப்பில் ஏற்றினேன்.

ஆய்வாளர் ஒரு நடுத்தர வயது அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வீட்டுல வேற யாரும் இருக்காங்களா ஐயா?"

"இல்லம்மா."

"சமையல் தனியா?"

"தனி ராஜாங்கம். இப்பக்கூட ஒரு ரசம் கொதிக்குது. மொளகும் பூண்டும் தட்டிப் போட்டிருக்கு. ஆவி பட்டாலே மலையாள தேசம்வரைக்கும் சளி ஓடிரும்."

அவர் அடுப்புப் பக்கம் போய் மூடியை எடுத்தார். உள்ளே பார்த்தார். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். அவர் மூடியைச் சத்தமில்லாமல் மறுபடி வைத்தார்.

"தனிச் சமையல் உண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கையெழுத்து வாங்கினார். செருப்பு மாட்டும்போது, "கேஸை அணைச்சிருங்க ஐயா, வீணாப் போகுது" என்றார்.

ஜூலை 26, சனி

மணியார்டர் வந்து சேர்ந்தது. டீக்கடையில் ஆறு இட்லி. எண்ணிக்கையில் மிகைப்படுத்தல் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செண்பகம் போன். இப்போதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, என்ன, எத்தனை, எந்தக் கடை என்று போலீஸ் விசாரணை. கதை சொல்ல இடமே கொடுப்பதில்லை. யாழினிக்கு அது ஏமாற்றம். "மாமா, ஒரு பொய் சொல்லுங்க" என்று அவளே கேட்டாள். சட்டென்று ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

அட்டை வந்துவிட்டது. குடும்பத் தலைவர்: பொன்னுத்துரை. மொத்த உறுப்பினர்கள்: ஒன்று. புகைப்படத்தில் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறேன். பேச்சித்தாயிடம் காட்டினேன். "தலைவரே" என்று கும்பிட்டாள், பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

ரேஷன் கடையில் விரலை மூன்று தடவை வைத்த பிறகு மெஷின் என்னை ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு. தோளில் தூக்கி வந்தேன். இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன்.

இந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பிறகு உலை வைத்தேன். ஆழாக்கு அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. அரிசியை அளந்து போட்டுக் களைந்து கொதிக்கவிட்டேன். கஞ்சி பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் பார்த்தேன், கை பழக்கத்தில் நாலு ஆழாக்கு போட்டிருக்கிறது. ஒரு ஆளுக்கு இந்தக் கை அளந்ததே இல்லை.

பாதி வெந்துவிட்டது. இனி எடுக்க முடியாது.

செண்பகம் கம்பெனி இடைவேளையில் கூப்பிட்டாள்.

"அரிசி வாங்கினீகளா மாமா?"

"வாங்கினேன்."

"பொங்கினீகளா?"

"பொங்கினேன்."

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன் தாயி."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன்.